சிவப்பு எச்சரிக்கையும் நம் அலட்சியமும்



"ரெட் அலர்ட் என்றார்கள், ஒரு தூறல்கூட இல்லையே!" ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் எங்கள் கட்டுமாவடியில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. மாலை மதரஸாவுக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரும் இதையே கூறுகின்றனர். இந்த அலட்சியம் எத்துணை ஆபத்தானது என்பதைக் காயல்பட்டினத்து மக்கள் அறிவார்கள்.

2023 டிசம்பர் 18 காலை எட்டரை மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் அவ்வூரில் 95 செ.மீ. மழை பதிவாயிற்று. தமிழகம் ஓராண்டு முழுவதும் சராசரியாகப் பெறும் மழைக்கு ஏறத்தாழ ஈடான அளவு அது. ஒவ்வொரு சதுர மீட்டர் நிலத்திலும் 950 லிட்டர் நீர்! தாமிரபரணி பெருக்கெடுத்தது. ஸ்ரீவைகுண்டத்தில் நின்ற செந்தூர் எக்ஸ்பிரஸில் நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டனர். அடுத்த ஆண்டே, 2024 நவம்பர் 20 அன்று, இராமேசுவரத்தில் சுமார் பத்து மணி நேரத்தில் 41 செ.மீ. கொட்டித் தீர்த்தது.

முன்கூட்டியே சொல்ல முடியாதா என்று நீங்கள் கேட்கலாம். கனமழை வரும் என்று சொல்ல முடியும். எந்த ஊரில், எத்தனை சென்டிமீட்டர் என்று சொல்வதுதான் கடினம். இடிமேகம் ஒன்று சில கிலோமீட்டர் அகலமே உடையது. பெரும்பாலும் ஒரு மணி நேரத்திற்குள் திரண்டு, கொட்டி, கலைந்துவிடும். ஆனால், கடலிலிருந்து ஈரக்காற்று ஓயாது வீசி, மேகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே இடத்தின்மீது திரண்டால் அங்கே வெள்ளம்தான். அண்டை ஊர் மூழ்க நம் ஊர் நனையாமல் தப்புவது இதனால்தான்.

மற்றொன்றையும் கவனியுங்கள். வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் 7 முதல் 11 செ.மீ. வரை கனமழை, 12 முதல் 20 வரை மிகக் கனமழை, அதற்கு மேல் அதிகனமழை. சிவப்பு எச்சரிக்கை இந்த மூன்றாவது படிக்கு உரியது. 21 செ.மீ.யும் சிவப்பே, 95 செ.மீ.யும் சிவப்பே! அதற்கு மேல் வேறு நிறம் இல்லை.

எனவே, முதல் நாள் அறிவிப்பைக் கேட்டதோடு நின்றுவிடாதீர்கள். ரேடாரில் தெரியும் மேகங்களைக் கொண்டு அடுத்த மூன்று மணி நேரத்திற்கான அறிவிப்பும் வெளியாகிறது, அதையும் பாருங்கள். வீட்டுப் பத்திரங்களை உயரத்தில் வையுங்கள். வாய்க்கால் அடைப்பை மழைக்கு முன்பே நீக்குங்கள். ஓடும் வெள்ளம் முழங்காலளவே ஆயினும் இறங்காதீர்கள். இடி கேட்டால் கடற்கரையிலும் மரத்தடியிலும் நிற்காதீர்கள். மாவட்ட நிர்வாகத்தின் உதவிக்கு 1077 என்ற எண்ணைப் பிள்ளைகளுக்கும் கற்பியுங்கள்.

சிவப்பு எச்சரிக்கை நாளில் மாலை வகுப்பிற்கு நான் விடுமுறை விட்டுவிடுகிறேன். மழை பெய்யாவிட்டால் ஒரு நாள் பாடம் தள்ளிப்போகும். அதை மறுநாள் ஈடுசெய்துவிடலாம். பெய்துவிட்டால், இருட்டில் வெள்ளத்தைக் கடக்கும் பிள்ளையை எதைக்கொண்டு ஈடுசெய்வது? செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு இறைவனிடம் பொறுப்பை ஒப்படைப்பதே தவக்குல். செய்யாமல் இருந்துவிட்டு விதியைப் பழிப்பது அன்று.