செத்து மிதந்த 12 மீன்கள்! கொன்றது யார்?

சென்னை—

பெரம்பூரில் ஒரு வீடு. பொழுது விடிந்ததும் கூடத்துக்கு வந்த வீட்டுக்காரர் "ஐயோ!" என்று அலறினார். செடி வளர்த்த கண்ணாடித் தொட்டியில் 12 டெட்ரா மீன்கள் செத்துக் கிடந்தன. மிச்சம் 8 மீன்கள் தண்ணீருக்கு மேலே வாயை நீட்டித் திணறின.

வேலைக்கார அம்மாள் மீது சந்தேகம்

"நேத்து தொட்டியைத் துடைச்சது நீதானே? சோப்புத் தண்ணி உள்ளே விழுந்துச்சா?" என்று வேலைக்கார அம்மாளைக் கேட்டார்கள்.

"சத்தியமா இல்லீங்கம்மா. வெறும் ஈரத் துணியிலதான் துடைச்சேன்" என்று அவர் அழுதார்.

வண்ண மீன் வியாபாரத்துக்குப் பேர்போன கொளத்தூரில் இருந்து கடைக்காரர் ஒருவர் வந்தார். வந்ததும் கேஸ் சிலிண்டரைத்தான் பார்த்தார்.

"ராத்திரி கேஸை மூடினீங்களா சார்?"

"இல்லையே. செடி நல்லா வளரட்டும்னு விட்டுட்டேன்."

"ஏர் மோட்டார்?"

"சத்தத்துல தூக்கம் வரலை. நிறுத்திட்டேன்."

துப்பு துலங்கியது! தொட்டிக்குள் ஒட்டியிருந்த சின்னக் கண்ணாடிக் குமிழில் மருந்து மஞ்சளாகி இருந்தது. நீலம் என்றால் கேஸ் போதவில்லை. பச்சை என்றால் சரி. மஞ்சள் என்றால் ஆபத்து!

விளக்கு அணைந்தால் கதை மாறும்

விளக்கு எரியும்போது செடி கரியமில வாயுவை இழுத்து, பிராணவாயுவை விடும். விளக்கு அணைந்தால் செடியும் மீனைப் போலத்தான். பிராணவாயுவை இழுத்து, கரியமில வாயுவை விடும். சிலிண்டரும் திறந்து கிடந்தால் கேட்க வேண்டுமா? தண்ணீரில் கரியமில வாயு ஏறிவிட்டால், மீனின் ரத்தத்தில் உள்ளது வெளியே போக முடியாது. பிராணவாயு இருந்தும் மீன் திணறும்!

வெயில் காலத்தில் இன்னும் உஷார். 20 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் பிராணவாயு தங்கும். 30 டிகிரியில் ஏழரைதான்.

தப்பிக்க வழி

* விளக்கு போட 1 மணி நேரம் முன்பு கேஸைத் திறக்கலாம். அணைக்க 1 மணி நேரம் முன்பே மூடிவிட வேண்டும். டைமர் வைத்தால் மறதிக்கு இடமில்லை.

* லிட்டருக்கு 30 மில்லிகிராம் கரியமில வாயு செடிக்குப் போதும்.

* ராத்திரி ஏர் மோட்டார் ஓடட்டும். சர்க்கரை, ஈஸ்ட் போட்ட பாட்டிலை நினைத்தபோது நிறுத்த முடியாது. அது வைத்திருப்பவர்களுக்கு மோட்டார் கட்டாயம்.

* குமிழில் நிறம் மாற 1, 2 மணி நேரம் ஆகும். அதை மட்டும் நம்பாமல் மீனைப் பாருங்கள். மேலே வந்து திணறினால் உடனே கேஸை மூடி, மோட்டாரைப் போட்டு, குளோரின் நீக்கிய தண்ணீரைக் கொஞ்சம் மாற்றுங்கள்.

கடைக்காரர் அப்படித்தான் செய்தார். 8 மீன்களும் பிழைத்தன.

"தப்பா நெனைச்சுட்டோம்மா. மனசுல வச்சுக்காதே" என்றார் வீட்டுக்கார அம்மாள். வேலைக்கார அம்மாள் பதில் சொல்லவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அந்த வீட்டில் இப்போது ராத்திரி முழுக்க மோட்டார் ஓடுகிறது. சத்தம் பழகிவிட்டதாம்!