மீண்டும் கட்டங்களுக்குள் – 9: எல்லா மூட்டையிலும் அந்த இரண்டு எழுத்து

எந்த அளவுத் திரை கண்ணுக்குச் சுகம், எந்தச் செயலி தொந்தரவில்லாதது என்பதெல்லாம் முந்தைய வாரங்களிலேயே முடிந்துவிட்டது. தவறவிட்டவர்கள் பழைய இதழ்களைப் புரட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டமாகப் பெரிதாக்கிக் காட்டும் ‘கைடட் வியூ’ பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன்னால் ஒரு சின்ன விஷயம். வாரம் முழுக்க அதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

மின்வடிவில் காமிக்ஸ் வாங்கினால் ‘பிடிஎஃப் வேண்டுமா, சிபிஇசட் வேண்டுமா?’ என்று சில கடைகள் கேட்கும். நம் ஆட்கள் பெரும்பாலும் சிபிஇசட் என்ற பெயரைப் பார்த்தே மிரண்டு, தெரிந்த பிடிஎஃப் பக்கம் ஒதுங்கிவிடுகிறார்கள். கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த தம்பி மகனிடம் இதைச் சொன்னேன். “அதுல பயப்பட ஒண்ணுமே இல்ல பெரியப்பா. அந்தக் கடைசி மூணு எழுத்தை அழிச்சிட்டு ஜிப்னு அடிங்க” என்றான். அடித்தேன். பெயரை மாற்றினால் ஃபைல் பயன்படாமல் போகலாம் என்று கம்ப்யூட்டர் எச்சரித்தது. “அது அப்படித்தான் சொல்லும், ஓகே குடுங்க.”

திறந்தால், உள்ளே வெறும் படங்கள். பக்கத்துக்கு ஒரு ஜேபெக் படம், 001, 002, 003 என்று வரிசை எண் போட்டு. அவ்வளவுதான். பூட்டு இல்லை, ரகசியக் குறியீடு இல்லை. ஒரு முழு காமிக்ஸ் புத்தகம் கட்டுச்சோற்று மூட்டை மாதிரி அவிழ்ந்து கிடக்கிறது. எண்ணுக்கு முன்னால் ஏன் அந்தப் பூஜ்யங்கள் என்று கேட்டேன். வெறுமனே 1, 2 என்று பெயர் வைத்தால் பல மென்பொருள்கள் எழுத்து வரிசைப்படி அடுக்குமாம். ஒன்றுக்குப் பிறகு பத்து, பதினொன்று வந்து, அப்புறம்தான் இரண்டு வரும். கொலைகாரன் யார் என்பது இரண்டாம் பக்கத்துக்கு முன்பே தெரிந்துவிடும்! யாரோ ஒருவர் உட்கார்ந்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் பூஜ்யம் சேர்த்துப் பெயர் வைத்திருக்கிறார். அந்த அக்கறைதான் நம்மைக் கதைக்குள் தடுக்காமல் கொண்டுபோகிறது.

“இன்னொண்ணு பாருங்க” என்று அதே ஃபைலை நோட்பேடில் திறந்தான். திரை முழுக்கக் கிறுக்கலாக ஏதேதோ குறிகள். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால், முதல் வரியின் முதல் இரண்டு எழுத்துகள் மட்டும் தெளிவாக இருந்தன: ஆங்கிலத்தில் பி, கே. வேறொரு காமிக்ஸைத் திறந்தோம், அங்கும் பி, கே. வேர்டில் எழுதிய கடிதம் ஒன்றைத் திறந்தோம், அதிலும் பி, கே. மின்நூலுக்கான இபப், ஆண்ட்ராய்டு செயலிகளின் ஏபிகே, எல்லாமே உள்ளுக்குள் ஜிப் மூட்டைதான். எல்லாவற்றின் தலையிலும் அதே இரண்டெழுத்து.

அது ஒரு மனிதரின் இனிஷியல். ஃபில் காட்ஸ். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மில்வாக்கியைச் சேர்ந்த புரோகிராமர். எண்பதுகளில் தொலைபேசி வழியாக மோடம் வைத்து ஃபைல் அனுப்பிய காலம். ஒவ்வொரு நிமிடத்துக்கும் காசு. ஃபைலைச் சுருக்கிக் கட்ட அப்போது எல்லோரும் பயன்படுத்தியது ‘ஆர்க்’ என்ற மென்பொருள். காட்ஸ் அதைவிடப் பல மடங்கு வேகமான ஒன்றை எழுதி வெளியிட்டார். ஆர்க்கின் சொந்தக்காரர்களான சீ நிறுவனம் 1988-ல் வழக்குப் போட்டது. சமரசத்தில் முடிந்து, காட்ஸ் பணம் கொடுக்க வேண்டியதாயிற்று. ரசிகர்கள் எல்லாம் காட்ஸ் பக்கம் நின்றார்கள் என்றாலும், ஆர்க்கின் நிரலிலிருந்து நகலெடுத்த பகுதிகள் அவருடைய நிரலில் இருந்தன என்று வழக்கில் நியமிக்கப்பட்ட நிபுணர் சொன்னதையும் நான் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். சீ நிறுவனத்தின் கோபம் நியாயமானது.

ஆனால் அதன் பிறகு காட்ஸ் செய்ததுதான் என்னைக் கட்டிப்போட்டது. 1989-ல் புதிதாக ஜிப் வடிவத்தை உருவாக்கி, அது எப்படி வேலை செய்கிறது என்ற முழு விவரத்தையும் வெளியிட்டு, யார் வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். மென்பொருளை விற்றார், வடிவத்துக்கு வேலி போடவில்லை. 2000 ஏப்ரலில், மில்வாக்கியில் ஓர் ஓட்டல் அறையில், குடிநோயால் தனியாக இறந்துபோனார். வயது 37. அவர் திறந்துவிட்ட கதவு வழியாகத்தான் இன்றைக்கும் என் மேஜைக்குக் காமிக்ஸ் வந்து சேர்கிறது. இதை நினைக்கும்போது மனசு கனக்கிறது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. ஜேபெக் படம் என்பது ஏற்கெனவே சுருக்கப்பட்டது. ஜிப்பால் அதை மேலும் குறிப்பிடும்படி சுருக்க முடியாது. அதனால் காட்ஸின் சுருக்கும் திறமைக்குக் காமிக்ஸில் பெரிய வேலை கிடையாது. பக்கங்களைச் சிதறாமல் கட்டி வைப்பது மட்டும்தான் வேலை. இந்த ஏற்பாட்டைக் காமிக்ஸுக்குக் கொண்டுவந்தது, டேவிட் எய்ட்டன் எழுதிய ‘சிடிஸ்ப்ளே’ என்ற சிறிய மென்பொருள். மூட்டையை அவிழ்க்காமலேயே பக்கம் பக்கமாகக் காட்டும், அவ்வளவுதான். இதன் அண்ணன் தம்பியாக சிபிஆர் என்று ஒன்று வரும். அது ரார் மூட்டை. ரஷ்யரான யூஜின் ரோஷலின் படைப்பு. ராரைப் பிரிக்க யாருக்கும் தடையில்லை, கட்டும் வித்தை மட்டும் உரிமையாளர் கையில். இரண்டில் ஒன்று என்றால் நான் சிபிஇசட்டைத்தான் எடுப்பேன்.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? படக்கதைக்கென்றே பெரிய கடையாக இருந்தது காமிக்ஸாலஜி. 2014-ல் அமேசான் அதை வாங்கியது. 2023 டிசம்பரில் அந்தச் செயலி மூடப்பட்டு, வாசகர்கள் வாங்கிய புத்தகங்கள் கிண்டிலுக்குள் போயின. புத்தகம் தொலையவில்லைதான். ஆனால் எந்த அலமாரியில், எந்த வரிசையில், எப்படிப் படிப்பது என்பதை வாசகர் தீர்மானிக்கவில்லை. அப்படிப்பட்ட இடங்களில் காசு கொடுத்து வாங்குவது படிக்கும் அனுமதியை மட்டுமே. மூட்டை கையில் இருந்தால் பென் டிரைவில் வைக்கலாம், பத்து வருஷம் கழித்து எந்தக் கருவியிலும் திறக்கலாம். செயலி செத்தாலும் பக்கங்கள் சாகாது.

நம் மாயாவியையே எடுத்துக்கொள்வோம். 1972-ல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாகக் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவி, 1962 அக்டோபரில் லண்டனின் ‘வேலியன்ட்’ வார இதழில் ‘தி ஸ்டீல் கிளா’ என்று தொடங்கியவன். முதலில் எழுதியவர் கென் புல்மர், பிறகு டாம் டல்லி. வரைந்தவர் ஸ்பெயின்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ. 2018-ல் அந்தப் பழைய பிரிட்டிஷ் படக்கதைகளின் உரிமையை ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ரெபெல்லியன் நிறுவனம் வாங்கி, தொகுப்புகளாக வெளியிட்டு வருகிறது. அவர்களுடைய கடையில் பூட்டில்லாத பிடிஎஃப்பும் சிபிஇசட்டும் கிடைக்கும்.

வேலியன்ட்டின் பக்கம் அமெரிக்க காமிக்ஸ் பக்கத்தைவிடப் பெரியது. பத்து அங்குலத் திரையில் முழுப் பக்கத்தையும் வைத்தால் எழுத்து பொடியாகிவிடும். இரண்டு விரலால் விரிக்கத்தான் வேண்டும். விரித்துப் பாருங்கள். ஆய்வுக்கூட விபத்தில் மாயாவியாகிய லூயிஸ் கிராண்டெலின் உடம்பில் மின்சாரம் பாய்ந்து, ஆள் மறைந்துபோக, எஃகுக் கை மட்டும் அந்தரத்தில் நிற்கும். சின்ன வயதில் அந்தக் கையை மட்டும்தான் பார்த்தோம். இப்போது பெரிதாக்கினால், ஆள் இல்லாத அந்த வெற்றிடத்தைச் சுற்றி பிளாஸ்கோ நிழலை எப்படி அடுக்கியிருக்கிறார் என்பது தெரிகிறது. மேஜைக்கும் சுவருக்கும் தூரிகையால் கறுப்பை இழுத்து, ஆள் நிற்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே வரையாமல் விட்டிருக்கிறார். ஒன்றுமில்லாத இடத்தில் ஒருவன் நிற்பதாக நம்பவைப்பது எப்பேர்ப்பட்ட கைத்திறன்!

பூட்டில்லை என்பதற்காக ஊருக்கெல்லாம் அனுப்பிவிடாதீர்கள். தமிழ் இதழ்களை ஸ்கேன் செய்து வாட்ஸ்அப்பில் சுற்றவிடுகிறவர்களிடமும் இதையேதான் கேட்டுக்கொள்கிறேன். சந்தாவை நம்பி இதழ் நடத்துகிறவர்களின் அடுப்பில் தண்ணீர் ஊற்றுகிற வேலை அது. சும்மா படிக்க ஆசையிருந்தால் நேர்வழி இருக்கிறது. அமெரிக்காவில் 1964-க்கு முன் வெளிவந்து, 28 ஆண்டில் காப்புரிமை புதுப்பிக்கப்படாமல் போன இதழ்கள் அங்கே பொதுச்சொத்து. ‘டிஜிட்டல் காமிக் மியூசியம்’ போன்ற இடங்களில் ஆர்வலர்கள் அவற்றை விளம்பரப் பக்கத்தோடு சேர்த்து ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். ‘பிளானெட் காமிக்ஸ்’ தேடுங்கள். 1940 முதல் 1953 வரை 73 இதழ்கள். அதில் ‘தி லாஸ்ட் வேர்ல்ட்’ தொடரை வரைந்தவர்களில் ஒருவர் லில்லி ரெனே. வியன்னாவில் பிறந்த யூதப் பெண். நாஜிகளிடமிருந்து தப்பி, குழந்தைகளை ஏற்றிச் சென்ற மீட்பு ரயிலில் இங்கிலாந்து போய், பிறகு நியூயார்க் சேர்ந்தவர். பூமியைப் பிடித்துக்கொண்ட அந்நியப் படையை மனிதர்கள் எதிர்த்து நிற்கிற கதையை அவர் கையே வரைந்தது. கையெழுத்தைப் பார்த்து ஆண் என்றே நினைத்து ரசிகர்கள் கடிதம் எழுதினார்கள். 101 வயது வரை வாழ்ந்து 2022-ல் மறைந்தார். அவருக்குத் தனியாக ஒரு வாரம் கொடுத்தே ஆக வேண்டும்.

கைடட் வியூ அடுத்த வாரம். ஏதாவது ஒரு சிபிஇசட்டை இறக்கி வையுங்கள். பக்கத்தை முழுசாகப் பார்ப்பதற்கும் கட்டம் கட்டமாகப் பார்ப்பதற்கும் என்ன வித்தியாசம் என்பதை, கட்டங்கள் அதிகமுள்ள ஒரு பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டே பேசலாம்.