நீரிழிவுக்காரரின் சஞ்சி

நம்மவர்கள் பிரயாணம் புறப்படும் அழகே தனி. நாலு நாள் யாத்திரைக்குப் பதினாறு உருப்படிகள் சேர்ந்துவிடும். கூஜாவில் ஜலம், சம்புடத்தில் புளியோதரை, தூக்கில் தயிர் சாதம், ஊறுகாய்க்குத் தனி ஜாடி எல்லாம் தவறாமல் வந்து சேரும். ஆனால், வீட்டில் நீரிழிவு உள்ள பெரியவர் ஒருவர் இருந்தால், அவருடைய மருந்து மாத்திரம் மேஜை மேலேயே தங்கிவிடும். அல்லது எட்டாத பெட்டி ஒன்றின் அடியில் போய்ச் சுகமாகப் படுத்துக் கொள்ளும்!

இது சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயமன்று. 2023-ஆம் வருஷம் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு ஒன்று, நமது தேசத்தில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. ஆகவே, இது யாரோ ஒரு பணக்காரரின் வியாதி என்று எண்ணி நாம் பக்கத்தைப் புரட்டிவிட முடியாது.

ஒரு காலத்தில் இந்த வியாதி குழந்தைகளுக்கு வந்தால் பிழைக்க வழியே இல்லை. 1921-ல் கனடா தேசத்து டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்ற இருவர் இன்ஸுலினைக் கண்டுபிடித்தார்கள். 1922 ஜனவரியில் லெனார்டு தாம்ஸன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன் முதலாக அம்மருந்து செலுத்தப்பட்டது. அதைச் செய்யும் உரிமையைக் கண்டுபிடித்தவர்கள் கோடிக்கணக்கில் விற்றிருக்கலாம். ஆளுக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு டொராண்டோ சர்வகலாசாலைக்குக் கொடுத்துவிட்டார்கள். இவ்வளவு பெருந்தன்மையுடன் உலகுக்கு வந்த மருந்தை, நமது அஜாக்கிரதையால் வீணாக்கலாமா?

வீட்டில் இருக்க வேண்டியவை

முதலாவது, இரத்தத்தில் சர்க்கரையின் அளவைக் காட்டும் குளுக்கோமீட்டர். அதற்கு உரிய ஸ்டிரிப்புகள் கெடு தேதி தாண்டாமலும், டப்பாவின் மூடி இறுக மூடியும் இருக்க வேண்டும். விரலில் குத்துமுன் கையை அலம்பித் துடைப்பது அவசியம். மாம்பழம் நறுக்கிய விரலில் குத்திக்கொண்டு, "ஐயோ, முந்நூறு காட்டுகிறதே!" என்று அலறுவதில் பயனில்லை, அது மாம்பழத்தின் சர்க்கரையாக இருக்கலாம்.

இரண்டாவது, ஸிரிஞ்சு. இதில் நேயர்கள் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டும். நமது நாட்டில் சீசாவில் வரும் இன்ஸுலினில் பெரும்பகுதி, ஒரு மில்லி லிட்டருக்கு 40 யூனிட் வீதம் உள்ளது. 100 யூனிட் உள்ளதும் உண்டு. முன்னதற்குச் சிவப்பு மூடி ஸிரிஞ்சு. பின்னதற்கு ஆரஞ்சு மூடி ஸிரிஞ்சு. வைத்தியர் 20 யூனிட் சொல்லியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி ஸிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால், உடம்பில் சேர்வது 8 யூனிட்தான். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஸிரிஞ்சில் இழுத்தாலோ, சேர்வது 50 யூனிட்! முதலாவதில் வியாதி மிஞ்சும். இரண்டாவதில் உயிருக்கே ஆபத்து. வெளியூர்க் கடையில் அவசரமாக ஸிரிஞ்சு வாங்கும்போதுதான் இந்தத் தவறு எளிதில் நேரும். சீசாவின் மேல் எழுதியிருப்பதையும் ஸிரிஞ்சின் மேல் எழுதியிருப்பதையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே காசு கொடுக்க வேண்டும்.

உபயோகித்த ஊசிகளைக் குப்பையில் எறியலாகாது. கனமான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி வைத்து, ஆஸ்பத்திரியில் ஒப்படைப்பது நலம். குப்பை அள்ளும் கையும் ஒருவருடைய கைதானே?

உஷ்ணமும் குளிர்ச்சியும்

திறக்காத இன்ஸுலினை 2 முதல் 8 டிகிரி வரை குளிர்ச்சியுள்ள இடத்தில் வைக்க வேண்டும். குளிர்ப்பெட்டி போதும், ஆனால் பனிக்கட்டி உறையும் தட்டில் வைத்துவிடக் கூடாது. ஒரு முறை உறைந்த மருந்து, இளகினாலும் உபயோகமற்றது. திறந்த சீசா, அதிக வெயில் படாமல் இருந்தால், பெரும்பாலும் நாலு வாரம் தாங்கும். நமது கோடைக்காலத்தில் மின்சாரம் நின்றுவிட்டால் என்ன செய்வது? பெரிய மண்சட்டியில் மணல் பரப்பி நனைத்து, அதனுள் சிறு சட்டியை வைத்து, மருந்தை அதில் இட்டு ஈரத்துணியால் மூடலாம். நமது பாட்டிமார்கள் ஜலத்தைக் குளிரவைத்த அதே தத்துவந்தான் இது.

பிரயாணத்தில்

மருந்தும் ஸ்டிரிப்பும் தேவைக்கு இரு மடங்கு இருக்கட்டும். அவற்றைத் தோளில் மாட்டும் சஞ்சியில் வைத்துக்கொள்ள வேண்டும். விமானத்தில் சரக்கோடு அனுப்பினால் மருந்து உறைந்து போகலாம், பெட்டியே வேறு ஊருக்குப் போய்விடவும் கூடும். வெயிலில் நிற்கும் மோட்டாரிலும் மருந்தை விட்டுச் செல்லலாகாது. வைத்தியரின் கடிதமும் மருந்துச் சீட்டும் கூடவே இருக்க வேண்டும்.

சஞ்சியில் எல்லாவற்றிலும் முக்கியமான பொருள், வேடிக்கையாகத் தோன்றினாலும், சர்க்கரைதான்! ரயில் தாமதித்து, சாப்பாட்டு வேளை தவறினால், இன்ஸுலினோ சில மாத்திரைகளோ சாப்பிட்டவருக்கு இரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடும். வேர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சில் குழப்பம் ஆகியவை அறிகுறிகள். உடனே 15 கிராம் குளுக்கோஸோ, மூன்று தேக்கரண்டி சர்க்கரையோ கரைத்துக் கொடுத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பரிசோதிக்க வேண்டும். குறைவாகவே இருந்தால் மீண்டும் கொடுக்க வேண்டும். இதுவே மைசூர்பாகுக்கு நல்ல சமயம் என்று யாரும் மகிழ வேண்டாம். நெய் சேர்ந்த பண்டம் மெதுவாகத்தான் வேலை செய்யும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரை ஏறிவிடும். நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்வதே வழி.

கோவிலுக்குப் போகிறவர்கள் பாதத்தை மறக்கலாகாது. பல வருஷ நீரிழிவில் காலின் உணர்ச்சி மங்கிவிடும். உச்சிவெயிலில் பிராகாரக் கல் சுட்டாலும் தெரியாது. கொப்புளம் புண்ணாகிய பிறகே தெரியும். காலையிலோ மாலையிலோ தரிசனம் செய்யலாம். தடித்த காலுறை போட்டுக்கொள்ளலாம். இரவில் பாதத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு சிறு கண்ணாடியும் சஞ்சியில் இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. சஞ்சியில் என்ன இருக்கிறது என்பது நோயாளிக்கு மட்டும் தெரிந்தால் போதாது. அவர் தடுமாறும் வேளையில் அதைத் திறக்கப்போவது மனைவியோ, மகனோ, பேத்தியோதான். வீட்டில் உள்ள அனைவரும் இன்றே ஒருமுறை அதைத் திறந்து பார்த்துவிடுவது உத்தமம்.