எக்ஸ்ரே அறிக்கையைக் கணினி வாசிப்பது எப்படி?

ஹல்துமுல்லைத் தோட்டத்திலிருந்து இருமலோடு பதுளைக்குப் போகிறவருக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தால், அறிக்கை ஆங்கிலத்தில்தான் வரும். அதில் 'நிமோனியா இல்லை' என்றிருந்தாலும், சொல்லை மட்டும் தேடும் கணினி நிமோனியா என்றே குறித்துவிடும். படம் பார்க்கக் கணினியைப் பழக்க இலட்சக்கணக்கான படங்களுக்கு, எதில் என்ன நோய் என்ற குறி வேண்டும். அத்தனைக்கும் மருத்துவர் எங்கே? அதனால்தான் குறிகளை அறிக்கைகளிலிருந்தே கணினியால் எடுக்கிறார்கள்.

2019இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகம் வெளியிட்ட தொகுப்பில் 224,316 நெஞ்சுப் படங்கள். அறிக்கைகளிலிருந்து 14 குறிகளை எடுத்தவை கையால் எழுதிய விதிகள்; அவை உண்டு, இல்லை, சந்தேகம் எனக் குறித்தன. மறு ஆண்டே அங்குள்ளவர்கள் பெர்ட் என்ற மொழி மாதிரியை முதலில் அந்த விதிகளின் விடைகளிலும், பிறகு மருத்துவர்கள் குறித்த சிறு தொகுதியிலும் பழக்கினார்கள். முழு வாக்கியத்தையும் சேர்த்து வாசிப்பதால் அது விதிகளை வென்றது. ஆனால் அது படத்தைப் பார்ப்பதில்லை. மருத்துவர் எழுதாமல் விட்ட நோய் அதற்கும் தெரியாது.