மணிக்கு நான்கு கோடிப் பேர்

நூல்கள் ஆறு, அவற்றில் சொற்பொழிவுகள் 43. பிரிட்டனைப் பற்றி 7, இந்தியாவைப் பற்றி 8, ஜிப்ரால்டரிலிருந்து சீனக் கரையின் வெய்ஹாய்வெய் வரையிலான கடல்வழிக்கு 6, ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்கு 8, கனடா, நியூஃபவுண்ட்லாந்துக்கு 7, தென்னாப்பிரிக்காவுக்கு 7. ஒரு சாம்ராஜ்யத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டி முடிக்க இவ்வளவு போதும் என்று லண்டனில் ஒரு குழு முடிவு செய்திருந்தது.

பிரிட்டனின் காலனி அமைச்சராக ஜோசப் சேம்பர்லின் இருந்த 1902இல் அமைந்த குழு அது. காட்சிவழிக் கல்விக்கென்றே ஏற்பட்டது. யோசனை கல்வித்துறை அதிகாரி மைக்கேல் சாட்லருடையது. தலைவர், பள்ளிகளில் சாம்ராஜ்யத்தைக் கொண்டாடும் எம்பயர் தினத்துக்காக ஓயாமல் பாடுபட்ட மீத் பிரபு. மூளை, புவியியல் அறிஞர் ஹால்ஃபோர்ட் மாக்கிண்டர். வகுப்பறையை இருட்டாக்கி, வெள்ளைத் துணி கட்டி, மேஜிக் லாந்தரில் கண்ணாடிப் படங்களை ஒவ்வொன்றாகச் செருக வேண்டும். அச்சிட்டு வந்த உரையை ஆசிரியர் வாசிக்க வேண்டும். திட்டம் இவ்வளவுதான்.

முதல் செலவு யார் தலையில் விழுந்தது என்று பார்த்தால் கணக்கின் போக்கு பிடிபட்டுவிடும். குழு முதலில் செய்தது காலனிப் பிள்ளைகளுக்கு பிரிட்டனைக் காட்டுவது. இலங்கை, மலாயாவின் நீரிணைக் குடியேற்றங்கள், ஹாங்காங் ஆகிய மூன்று கிழக்குக் காலனிகளுக்காகத் தயாரான அந்த 7 சொற்பொழிவுகளுக்கு அந்தக் காலனி அரசுகளே பணம் கட்டின. முதல் சொற்பொழிவு கிழக்கிலிருந்து லண்டனுக்குப் போகும் கப்பல் பயணம். கடைசி, சாம்ராஜ்யத்தின் பாதுகாப்பு. பினாங்குப் பையன் போர்க்கப்பலைப் பார்த்து வியக்க, பினாங்கு வரிப்பணம்.

அடுத்தது எதிர்த்திசை: பிரிட்டன் பிள்ளைகளுக்குக் காலனிகளைக் காட்டுவது. இதற்கு பிரிட்டிஷ் கஜானா கைகொடுக்கவில்லை. லேடி டட்லி தலைமையில் சில சீமாட்டிகள், பிறகு ராணி மேரியான அன்றைய வேல்ஸ் இளவரசியின் ஆதரவோடு, நன்கொடை திரட்டினார்கள். சேர்ந்தது ஏறத்தாழ 4,000 பவுண்டு. அன்று ஒரு பவுண்டுக்கு 15 ரூபாய். ஆக 60,000 ரூபாய். இளவரசியின் பெயர் இருந்தும் திரண்டது இவ்வளவே.

இந்தப் பணத்தில் 1907இல் ஏ. ஹியூ ஃபிஷர் என்ற ஓவியரை அனுப்பினார்கள். பத்திரிகைகளுக்குப் படம் வரைந்து பிழைத்தவர். கேமராவைப் புதிதாகப் பழகிக்கொண்டு கிளம்பினார். 1910 வரை மூன்று நீண்ட பயணங்கள்: இலங்கை, பர்மா, இந்தியா, ஏடன், சோமாலிலாந்து, சைப்ரஸ் ஒரு சுற்று, கனடா வழியாக ஹாங்காங், போர்னியோ, சிங்கப்பூர் இன்னொரு சுற்று, ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் பிஜியும் மூன்றாவது. எதைப் படம் எடுக்க வேண்டும் என்பதில் மாக்கிண்டர் கறாராக இருந்தார். நாட்டுக்கும் மக்களுக்கும் இயல்பாக உள்ளவை ஒரு பக்கம், பிரிட்டிஷ் ஆட்சி கொண்டுவந்து சேர்த்தவை மறுபக்கம். வரவும் பற்றும் போல இரண்டு பத்தி. கோயில் முதல் பத்தியில், ரயில் பாலம் இரண்டாம் பத்தியில்.

தென்னாப்பிரிக்காவுக்கு ஃபிஷர் போகவில்லை. ஆகவே அந்த 7 உரைகளையும் முன்பே தயாரான பிரிட்டனின் 7 உரைகளையும் கழித்து, அவருடைய பயணங்களுக்கு உரியவை என்று 29 சொற்பொழிவுகளைக் கொள்ளலாம். ஒரு மணி நேர உரைக்கு 60 படம் என்று நானாக வைத்துக்கொள்கிறேன், நிமிடத்துக்கு ஒன்று. மொத்தம் 1,740 படம். எல்லாமே ஃபிஷர் எடுத்தவை அல்ல, விலைக்கு வாங்கியவையும் கலந்திருந்தன. இருந்தாலும் 4,000 பவுண்டை, அதாவது 80,000 ஷில்லிங்கை, இவற்றின் மேல் பரப்பினால் படத்துக்கு 46 ஷில்லிங் விழுகிறது. நம் கணக்கில் 34 ரூபாய் 8 அணா.

பிரதி எடுப்பது இதற்கு நேர்மாறு. நிறம் தீட்டாத ஒரு கண்ணாடிப் படத்துக்கு ஒரு ஷில்லிங், அதாவது 12 அணா, போட்டுப் பார்ப்போம். இந்தியாவின் 8 சொற்பொழிவுகளுக்கு 480 படம், 360 ரூபாய். கையால் வண்ணம் தீட்டினால் விலை ஏறும். பிரிட்டிஷ் அளவு கண்ணாடி மூன்றேகால் அங்குலச் சதுரம். படம் பதிந்த கண்ணாடி மேல் இன்னொரு கண்ணாடியை மூடி, ஓரத்தில் காகிதப் பட்டை ஒட்டுவார்கள். இரண்டும் சேர்ந்து 2 மில்லிமீட்டர் தடிமன் என்றால் ஒன்று ஏறக்குறைய 35 கிராம். இந்தியா முழுவதும் 16.8 கிலோ, 43 சொற்பொழிவும் சேர்ந்தால் 90 கிலோவைத் தொடும். இது லாந்தரும் விளக்கும் திரையும் சேராத எடை. எண்ணெய் விளக்கு என்றால் வெளிச்சம் மங்கல். சுண்ணாம்பு விளக்கு என்றால் ஆக்சிஜன் உருளை வேண்டும். ஈரமும் வெக்கையும் உள்ள ஊரில் படம் பதிந்த ஜெலட்டின் படலத்தில் பூஞ்சை பிடிக்கும். லண்டனில் போட்ட கணக்கில் இதற்கெல்லாம் இடம் ஒதுக்கியிருந்தால் நல்லது.

எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு வகுத்தல். சொற்பொழிவுகளை 1911 மக்கள்தொகைக் கணக்கோடு வைத்துப் பார்க்கலாம். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து ஏறத்தாழ 55 லட்சம் பேர், 8 சொற்பொழிவு: ஒன்றுக்கு 7 லட்சம் பேருக்கும் குறைவு. தென்னாப்பிரிக்கா 59.7 லட்சம், ஒன்றுக்கு எட்டரை லட்சம். கனடாவும் நியூஃபவுண்ட்லாந்தும் ஒன்றுக்கு 10.6 லட்சம். பிரிட்டன் 4.52 கோடி, ஒன்றுக்கு 65 லட்சம். பர்மாவும் சமஸ்தானங்களும் அடங்கிய இந்தியா 31.5 கோடி, ஒன்றுக்கு 3.94 கோடி. ஆஸ்திரேலியத் தரப்பின் ஓர் ஆளுக்குக் கிடைத்த கவனத்தைப் பெற இங்கே 57 பேர் வரிசையில் நிற்க வேண்டும். பரப்பளவை வைத்துப் பங்கிட்டார்கள் என்று சமாதானம் சொல்லலாம். அப்படியென்றால் புல்வெளிக்கும் பாலைக்கும் கிடைத்த நேரம் மனிதர்களுக்குக் கிடைக்கவில்லை என்றாகிறது.

மாக்கிண்டர் 1910இல் வெளியிட்ட இந்தியச் சொற்பொழிவுகளில் முதலாவது நம்முடையது. கொழும்பிலிருந்து தூத்துக்குடியில் இறங்கி, கோயில் நகரங்கள் வழியாகச் சென்னைக்குப் போகிறது. சென்னை மாகாணத்தின் 4.14 கோடிப் பேருக்கும் அந்த ஒரே உரைதான். அதிலும் இந்து மதத்தை விளக்கும் பொறுப்பு பாதிச் சுமை. அதே ஏற்பாட்டில் 1.2 கோடிப் பேரின் பர்மாவுக்குத் தனி உரை, கூடவே புத்த மதம். டெல்லிக்கு இஸ்லாம், வங்காளத்துக்குப் பருவமழை, ஐக்கிய மாகாணத்துக்கு 1857 கிளர்ச்சி. ஒரு ஊருக்கு ஒரு பொருள் என்று முடிச்சுப் போட்டது ஆசிரியராக மாக்கிண்டரின் கெட்டிக்காரத்தனம். பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். ஆனால் தமிழ்நாடு என்றால் கோபுரம், வங்காளம் என்றால் மழை என்று ஒரு லண்டன் பையன் மனதில் பதிந்திருந்தால் குற்றம் அவனுடையது அல்ல.

படத்துக்கு எழுத்தறிவு தேவையில்லை என்பது திட்டத்தின் பலம். இந்தியாவில் 1911இல் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 5.9, ஆணில் 10.6, பெண்ணில் ஒன்று சொச்சம். ஆனால் படத்தோடு வந்த உரை ஆங்கிலத்தில் இருந்தது. ஆங்கிலம் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 31.5 கோடியில் சுமார் 17 லட்சம் பேர்.

செலவின் அளவை உணர இன்னொரு எண்ணை அருகில் வைக்கிறேன். பயிற்சி பெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கு மாதம் 12 ரூபாய்க்குக் குறையாமல் சம்பளம் தர வேண்டும் என்று இந்திய அரசின் 1913 கல்வித் தீர்மானம் சொன்னது. எட்ட வேண்டிய இலக்காக வைத்த தொகையே அவ்வளவுதான். ஆண்டுக்கு 144 ரூபாய். ஃபிஷரின் 60,000 ரூபாயில் 416 ஆசிரியர்களுக்கு ஓராண்டுச் சம்பளம் தரலாம். அவர் பயணத்தில் ஒரு படத்துக்கு விழுந்த 34 ரூபாய் 8 அணா, ஓர் ஆசிரியரின் மூன்று மாதச் சம்பளத்துக்கு ஒன்றரை ரூபாய்தான் குறைவு. இது இந்தியப் பணம் இல்லை, இங்கிலாந்தின் நன்கொடை; ஆகவே இதை ஏன் பள்ளிக்குத் தரவில்லை என்று கேட்க முடியாது. 360 ரூபாய் கொடுத்து ஒரு தொகுதி வாங்கும் மாவட்டத்தைப் பார்த்து அதே கேள்வியைத் தாராளமாகக் கேட்கலாம். அது 30 மாதச் சம்பளம்.

ஃபிஷரின் படங்கள் சொற்பொழிவாகிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், ஆறு முதல் பத்து வயது வரையுள்ள சிறுவர்களுக்கு உள்ளாட்சிகள் கட்டாயக் கல்வி கொண்டுவர அனுமதி கேட்டு காங்கிரஸ் தலைவர் கோகலே 1911இல் இந்திய அரசின் சட்டசபையில் மசோதா வைத்தார். 1912 மார்ச்சில் வாக்கெடுப்பு: ஆதரவு 13, எதிர்ப்பு 38.