நின்ற கார் மறுபடி ஓட வேண்டுமானால்

பழைய காருக்கு உயிர் கொடுக்கக் கிளம்பும் புதியவர்கள் முதலில் பெயிண்ட் கடைக்குப் போகிறார்கள். போக வேண்டிய இடம் ஆர்.டி.ஓ. அலுவலகம்.

திருவனந்தபுரம் வலியசாலையில் கார் வைத்திருப்பது சுலபமான காரியம் அல்ல. காந்தளூர் சிவன் கோயிலை ஒட்டிய அக்ரகாரத்தின் அமைப்பு காருக்காக ஏற்பட்டதல்ல. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், திண்ணையைத் தாண்டினால் தெரு. இப்படிப்பட்ட தெருவில் ஓடாத கார் ஒன்றை வைத்திருப்பவர், பக்கத்து வீட்டாரின் பொறுமையையும் சோதித்துக் கொண்டிருக்கிறார் என்று பொருள். போதாததற்கு ஊரே இரும்புக்குப் பகை. ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம். சில கிலோமீட்டர் தொலைவில் கடல். தார்ப்பாய் போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடுகிறது.

ஆனால் நாட்டிலேயே அதிகம் உழைத்த பழைய கார்களில் ஒன்று இதே ஊரில்தான் இருந்தது. திருவாங்கூர் அரச குடும்பத்தின் உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவின் மெர்சிடிஸ் பென்ஸ் 180டி. 1950களில் வாங்கிய அந்தக் காரை அவர் கடைசி வரை கைவிடவில்லை. ஓடிய தூரத்தைப் பாராட்டி பென்ஸ் நிறுவனம் பதக்கங்கள் கொடுத்தது. 2013 டிசம்பரில் 91 வயதில் அவர் காலமானபோது கார் அரை நூற்றாண்டைத் தாண்டியிருந்தது. துருவும் மழையும் அதற்கும் பொதுதான். வித்தியாசம் ஒன்றே ஒன்று: அந்தக் காரை யாரும் நிறுத்தி வைக்கவில்லை.

ஓடும் கார் தேய்கிறது. நிற்கும் கார் சாகிறது. டாங்க்கில் விட்ட பெட்ரோல் மாதக்கணக்கில் கிடந்தால் பிசினாக மாறி கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி வீல் சிலிண்டர்களைத் துருப்பிடிக்க வைக்கிறது. பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு ஒட்டிக்கொள்கின்றன. ஒயர்களை எலி கடிக்கிறது. பழைய காரை மீட்பது என்பது வயதோடு நடத்தும் போராட்டம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது, நின்றிருந்த காலத்தோடு நடத்தும் போராட்டம்.

எந்தக் கார்?

முதல் முயற்சிக்கு வெளிநாட்டுக் காரைத் தொடாமலிருப்பது பர்ஸுக்கு நல்லது. இந்தியாவில் பல்லாண்டு தயாரான மூன்று கார்கள் புதியவர்களுக்கு ஏற்றவை.

முதலாவது அம்பாசடர். பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையை அடிப்படையாகக் கொண்டு 1950களின் இறுதியில் வந்து, 2014 மே மாதம் கொல்கத்தா அருகே உத்தரபாராவில் தயாரிப்பு நிற்கும் வரை அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிய கார். திருவனந்தபுரம் போன்ற தலைநகரங்களில் ஒரு காலத்தில் வெள்ளை அம்பாசடர்தான் அதிகாரத்தின் அடையாளமாக இருந்தது. உதிரிபாகங்கள் இன்னும் கிடைக்கின்றன என்பது பெரிய பலம். தனிச் சட்டம் இல்லாமல் உடலே சட்டமாக அமைந்திருப்பது பலவீனம். தரைத் தகடும் ஓரத் தகடுகளும் துருப்பிடித்தால் காரின் முதுகெலும்பே போனது போல.

இரண்டாவது ஃபியட் என்று எல்லோரும் அழைத்த பிரீமியர் பத்மினி. 1964ல் ஃபியட் 1100 டிலைட்டாக வந்து, 1974ல் பத்மினி என்று பெயர் மாறியது. 1089 சி.சி. எஞ்சின். மும்பையில் கடைசி பத்மினி டாக்ஸி 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றது.

மூன்றாவது, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1961ல் அறிமுகமானது. கிடைப்பது அரிது, ஆனால் கற்றுக்கொள்ள இதைப் போல் ஒரு கார் இல்லை. உடல் தனி, சட்டம் தனி. பகுதி பகுதியாக போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். பானெட் மட்டுமல்ல, முன்பக்கம் முழுவதுமே மட்கார்டோடு முன்னால் சாயும். எஞ்சினைச் சுற்றி நின்று வேலை பார்க்கலாம்.

காகிதம் முதலில்

அரும்பாடுபட்டு ஓட வைத்த பிறகு, கார் யார் பெயரில் இருக்கிறது என்ற கேள்வி எழுவது வழக்கமான சோகம். ஆர்.சி. புத்தகத்தில் தாத்தா பெயர் இருக்கும், தாத்தா இருக்கமாட்டார். வாரிசுகள் நான்கு ஊர்களில் இருப்பார்கள். ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் காரில் பொறித்திருப்பதோடு ஒத்துப்போகாவிட்டால் சிக்கல் இரட்டிப்பு. நாகர்கோவிலில் மலிவாகக் கிடைத்தது என்று களியக்காவிளை தாண்டிக் கொண்டுவந்த காருக்குப் பழைய ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று வேண்டும். ஒரு வருடத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே மறுபதிவும் செய்ய வேண்டும்.

சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு சோதனையில் தேறினால் ஐந்தைந்து ஆண்டுகளாக நீட்டிக்கலாம். ஒரு காலத்தில் ரூ.600 ஆக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் ரூ.5,000 ஆனது. 20 ஆண்டுகளைத் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் ரூ.10,000 ஆக உயர்ந்தது.

மத்திய அரசு 2021 ஜூலையில் கொண்டுவந்த 'விண்டேஜ்' விதிகள் வேறொரு கதவைத் திறந்தன. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்து, பெரிய மாற்றங்கள் இல்லாமல் அசல் வடிவிலேயே உள்ள வாகனங்களுக்குத் தனிப் பதிவு. புதிதாகப் பதிவு செய்ய ரூ.20,000; பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். ஏற்கெனவே பதிவானவை பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் நிபந்தனை உண்டு: கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் வரலாம். சாலைக் கடைத்தெருவுக்குப் போய்க் காய்கறி வாங்கி வர இந்தப் பதிவு உதவாது.

சிக்கல் நடுவில்தான். 1960களின் ஹெரால்டு 50-ஐத் தாண்டிவிட்டது. 1985ல் பதிவான அம்பாசடர் 2035 வரை காத்திருக்க வேண்டும். அதுவரை சட்டத்தின் கண்ணில் அது பாரம்பரியச் சின்னம் அல்ல; வெறும் பழைய வண்டி. எத்தனையோ கார்கள் காயலான் கடைக்குப் போவது இந்த இடைவெளியில்தான். இப்போது காப்பாற்றப்படாத கார், 50 வயதை எட்டப் போவதில்லை.

பிரேக்குக்குப் பிறகே எஞ்சின்

காகிதம் சரி என்றால் சின்னச் சுத்தியலோடு காருக்கு அடியில் படுக்க வேண்டும். தகட்டைத் தட்டினால் 'டங்' என்று ஒலிக்க வேண்டும். 'தொப்' என்றால் பட்டி பூசித் துருவை மறைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் பணத்தை விழுங்குவது எஞ்சின் அல்ல, டிங்கரிங்தான். எஞ்சினை லேத் பட்டறையில் சரி செய்துவிடலாம். அரித்துப்போன தரைத் தகட்டை வெட்டியெடுத்துப் புதிதாகப் பற்றவைப்பதற்குக் கைதேர்ந்தவர் வேண்டும்.

அடுத்து பிரேக். ஓடாத காருக்கு பிரேக் எதற்கு என்று கேட்பவர்கள், அது திடீரென்று ஓட ஆரம்பித்த தினத்தில் சுவரில் மோதுகிறார்கள். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்களின் ரப்பர்கள், ஓஸ்கள், பிரேக் ஆயில் எல்லாமே மாற்ற வேண்டியவை. பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் இருக்கக்கூடும். டிரம்மைக் கழற்றியதும் வாயால் ஊதித் தூசி தட்டும் பழைய பழக்கம் நுரையீரலுக்கு ஆபத்து. ஈரத்துணியால் துடைப்பதே சரி.

பிறகுதான் எஞ்சின். புதிய பேட்டரியை மாட்டி செல்ஃப் அடிப்பது புதியவர்கள் செய்யும் முதல் தவறு. ஒட்டிக்கொண்ட ரிங் அப்போதே உடையும். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு, சில நாள் ஊறவிட வேண்டும். பிறகு ஹேண்டில் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். சுற்றினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. எஞ்சின் ஆயிலை மாற்றி, ரேடியேட்டரின் துருத் தண்ணீரை வெளியேற்றி, டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட்டைத் தேய்த்துச் சுத்தம் செய்து, பிளக்கில் தீப்பொறி வருகிறதா என்று பார்க்க வேண்டும். டாங்க்கை நம்பாமல் தனி டப்பாவிலிருந்து நல்ல பெட்ரோல் கொடுத்தால், பல எஞ்சின்கள் இந்த அளவிலேயே இருமிக்கொண்டு கண் விழித்துவிடும்.

இன்றைய பெட்ரோல் வேறு

இந்தக் கார்கள் பிறந்த காலத்து பெட்ரோலில் ஈயம் இருந்தது. 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுவதும் ஈயமில்லா பெட்ரோல்தான். நிதானமாக ஓட்டும் பழைய எஞ்சின்கள் அதைத் தாங்கிக்கொண்டன. புதிய சோதனை எத்தனால். 2025ல் 20 சதவீத எத்தனால் கலப்பு நாடெங்கும் வந்துவிட்டது. இதைக் கனவிலும் எதிர்பார்க்காத பழைய ரப்பர் ஓஸ்களையும் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரத்தையும் எத்தனால் இளக்குகிறது. ஈரத்தை இழுத்து டாங்க்கைத் துருப்பிடிக்க வைக்கிறது. எத்தனாலைத் தாங்கும் ஓஸ்களை மாற்றுவதும், மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டாங்க்கைக் காலி செய்வதும் இப்போது கட்டாயம்.

பிரித்துக் கற்ற பாடம்

கோவையின் ஜி.டி. நாயுடு தொழில்நுட்பம் கற்றது கல்லூரியில் அல்ல. பிரிட்டிஷ் அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கிராமத்தில் பார்த்து மயங்கிய இளைஞர், கோவையில் ஓட்டல் சர்வராக வேலை பார்த்துச் சேர்த்த பணத்தோடு போய் ரூ.300க்கு அதை வாங்கினார். செய்த முதல் காரியம், அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி மறுபடி பூட்டியது. அந்தப் படிப்பு அவரை 1920ல் பஸ் முதலாளியாக்கியது. கோவையில் இன்று அவர் குடும்பத்தினரின் ஜி.டி. கார் அருங்காட்சியகம் இருக்கிறது.

அவரைப் பின்பற்ற விரும்புவோர் கவனிக்க வேண்டியது 'மறுபடி பூட்டியது' என்ற பகுதியை. முதல் மாத உற்சாகத்தில் காரை முழுக்கக் கழற்றிவிட்டு, நட்டுகளை ஒரே டப்பாவில் கொட்டி, ஆறாவது மாதம் மூட்டையாகக் கட்டி விற்பவர்கள் ஏராளம். ஒரு நேரத்தில் ஒரு பகுதி. கழற்றும் முன் செல்போனில் படம். ஒவ்வொரு போல்ட்டும் பெயர் எழுதிய கவரில். இந்த மூன்று ஒழுக்கங்களும் காசு செலவில்லாதவை.

பாகங்கள் கிடைக்கும். சென்னை புதுப்பேட்டை, பெங்களூர் சிவாஜி நகர், கொல்கத்தா மல்லிக் பஜார், தில்லி மாயாபுரி என்று தேடுபவர்களுக்கு இடங்கள் இருக்கின்றன. அருகி வருவது வேறு. காது கொடுத்துக் கேட்டே பாயின்ட் இடைவெளியைச் சொல்லும் மெக்கானிக், தகட்டைத் தட்டியே வளைவு கொண்டுவரும் டிங்கர். கணினி சொல்லும் பிழையைப் படிக்கப் பழகிய தலைமுறைக்கு இந்த வித்தை தேவைப்படவில்லை. கற்றுக்கொடுக்கக் கூடியவர்களோ எழுபதை நெருங்குகிறார்கள். வேலையை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போகாமல், பக்கத்தில் நின்று ஸ்பானர் எடுத்துக் கொடுப்பவருக்குக் காரோடு ஒரு தொழிலும் கிடைக்கிறது.

பெயிண்ட் கடைசியில் வரட்டும். எஞ்சின் ஓடி, பிரேக் பிடித்து, ஆர்.டி.ஓ. கையெழுத்தும் விழுந்த பிறகு நிறம் எதுவானால் என்ன? அதற்குப் பிறகு அந்தக் கார் கேட்பது ஒன்றுதான்: வாரம் ஒரு முறையாவது வெளியே எடுங்கள், மறுபடி நிறுத்திவிடாதீர்கள்.