இல்லப் பணிகளில் சிறுவர்: ஓர் இறையியல் நோக்கு

குடும்ப ஜெபத்திற்குப் பிள்ளைகளைத் தவறாது அழைக்கும் பெற்றோர், பாத்திரம் துலக்கவும் வீடு பெருக்கவும் அவர்களை அழைப்பதை ஆவிக்குரிய காரியமாகக் கருதுவதில்லை. முன்னது பக்தி, பின்னது உலக அலுவல் என்னும் இப்பிரிவினை திருமறைக்கு உடன்பாடானதா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

முதலாவதாக, வேலை பாவத்தின் விளைவன்று. தோட்டத்தைப் பண்படுத்திக் காக்கும் பொறுப்பு, வீழ்ச்சிக்கு முன்னரே மனிதனுக்கு அளிக்கப்பட்டது (ஆதி. 2:15). மூன்றாம் அதிகாரத்தில் சபிக்கப்படுவது நிலமே. வேலையில் புதிதாக நுழைவது வருத்தமும் வியர்வையுமாம். ஆகவே, தவறு செய்த பிள்ளைக்கு வீட்டு வேலையைத் தண்டனையாக விதிப்பது, படைப்பின் கொடையைச் சாபமாகக் காட்டிவிடுகிறது.

இரண்டாவதாக, திருமறையின் இளையோர் பலர் உழைப்பின் நடுவிலேயே நமக்கு அறிமுகமாகின்றனர்: ரெபெக்காள் குடத்துடன், ராகேல் ஆடுகளுடன், தாவீது மேய்ச்சல் நிலத்தில். இரவில் ஆண்டவரின் குரலைக் கேட்ட சாமுவேல், விடிந்ததும் ஆலயக் கதவுகளைத் திறக்கச் செல்கிறான் (1 சாமு. 3:15). தீர்க்கதரிசன அழைப்பு அவனது அன்றாடக் கடமையை அகற்றவில்லை.

மூன்றாவதாக, சீர்திருத்தத் திருச்சபையின் போதனையும் இதுவே. 1522இல் திருமண வாழ்வைக் குறித்து எழுதிய லுத்தர், குழந்தையின் அழுக்குத் துணியை விசுவாசத்தோடு துவைக்கும் தந்தையை உலகம் நகைப்பினும் தேவன் அவனில் மகிழ்கிறார் என விளக்கினார். 1529இல் வெளிவந்த சிறிய ஞானோபதேசத்தைக் குடும்பத் தலைவன் தன் வீட்டாருக்குக் கற்பிக்கும் வகையில் அமைத்தார். பின்னர் அதில் சேர்க்கப்பட்ட பாவ அறிக்கைப் பகுதி, தந்தை, தாய், மகன், மகள், பணியாள் என அவரவர் நிலையில் நின்று தம்மைச் சோதித்தறியச் சொல்கிறது. மகனாயிருப்பதும் மகளாயிருப்பதும் அழைப்பே என்பது இதனால் விளங்கும்.

இவ்வழைப்பை நம் இல்லங்கள் பெரும்பாலும் மகளுக்கு மட்டுமே உரியதாக்குகின்றன. அவள் அடுப்படியில் நிற்க, மகன் பாடப் புத்தகத்தின் முன் அமர்த்தப்படுகிறான். சீடரின் கால்களைக் கழுவியவரும், கரையில் கரிநெருப்பின்மேல் மீனை வைத்து அவர்களுக்கு உணவளித்தவருமாகிய ஆண்டவரை ஆராதிக்கும் வீட்டில், அடுப்படி ஆணுக்கு இழுக்கு என்பது எங்ஙனம் பொருந்தும்?

எனினும் இதற்கு எல்லையுண்டு. பிள்ளைகளைக் கோபப்படுத்தலாகாது என்னும் அப்போஸ்தலனின் எச்சரிப்பு (எபே. 6:4) இங்கும் பொருந்தும். வயதுக்கேற்ற வேலையைத் தந்து, உடன் நின்று கற்பித்து, தாமதத்தையும் சிந்துதலையும் பொறுப்பதே பயிற்சி. கல்வியையும் விளையாட்டையும் பறிப்பது சுரண்டல். நம் நாட்டில் 2016இல் திருத்தப்பட்ட சட்டம் 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதைத் தடுக்கிறது. பள்ளி நேரத்திற்குப் பின்னும் விடுமுறையிலும் தம் குடும்பத்திற்கு உதவுவதை அனுமதிக்கிறது. தம் பிள்ளைக்கு ஓய்வளிக்க ஏழையின் பிள்ளையைப் பணிக்கு வைத்துக்கொள்வது சட்டத்திற்கு மட்டுமன்று, சுவிசேஷத்திற்கும் முரணாம்.

திடப்படுத்தல் வகுப்பில் மனப்பாடத்தைச் சோதிக்கும் ஆயர், பிள்ளை வீட்டில் யாருக்கு என்ன உதவி செய்கிறது என்பதையும் கேட்டறிவாராக. அக்கேள்விக்கு ஆயரின் இல்லமே முதலில் விடையளிக்க வேண்டும்.